பாய் தட்டிப் பார்த்த கார்கள்

வெயிலில் காய்ந்த ரெக்சின், லேசாகப் பெட்ரோல், என்றோ கொளுத்திய ஊதுபத்தி, இருக்கைக்கு அடியில் உருண்டு ஓடிக் காய்ந்துபோன எலுமிச்சம்பழம். இத்தனையும் சேர்ந்த ஒரு மணம் பழைய கார்களுக்கு உண்டு. காரைக்காலில் மாங்கனித் திருவிழா முடிந்த சமயம், விலைக்கு வந்த ஆக்சென்ட் கார் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் மேலே போட்டிருந்த உறையை உருவிவிட்டு முன்கதவைத் திறந்தார். அந்த மணம் முகத்தில் வந்து மோதியது. எதிரில் நின்ற கார் மறந்துபோய்விட்டது. அப்பாவின் அம்பாசடரில், முன்சீட்டில், அவருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். ஸ்டீயரிங்கோடு சேர்ந்த கியர் கம்பியை அவர் இழுக்கும்போதெல்லாம் அவருடைய இடது முழங்கை என் தோளில் இடித்தது.

அப்பா விழிதியூரில் வாடகைக் கார் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கார் என்றாலே யாரோ ஒருவருடைய கார்தான். பெரியவர்கள் அதை 'பிளசர்' என்பார்கள். கல்யாணம் நிச்சயமானால் மண்டபத்துக்கு முன்னால் கார் சொல்லி வைப்பார்கள். பெண் வீட்டார் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், முன்பணம் வைத்துக்கொண்டு வருவார்கள். அப்பா கை கழுவிவிட்டு வந்து, தட்டை வாங்கி, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து வைப்பார். அந்தச் சுழிப்புக்கு மேல் எவ்வளவு பெரிய மனிதர் வந்து கேட்டாலும் கார் கிடைக்காது.

நள்ளிரவில் பாம்புக் கடி என்று கதவைத் தட்டினால் மட்டும் கேள்வியே இல்லை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த வாடகையை அவர் வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. குறுவை அறுவடை முடிந்ததும் அந்த வீட்டிலிருந்து ஒரு மூட்டை நெல் எங்கள் திண்ணையில் வந்து இறங்கும். கொண்டுவந்தவரும் எதற்கென்று சொல்ல மாட்டார், அம்மாவும் கேட்க மாட்டாள். வளைகாப்பு முடிந்த பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகும் நாளில் அப்பா வாய்க்கால் கரையோரம் இரண்டாவது கியருக்கு மேல் போடவே மாட்டார்.

காரைக்கால்காரர்களுக்கு இன்னொரு பயணமும் உண்டு. 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டாலும் பிரெஞ்சுக் குடியுரிமையும் பட்டாளத்துப் பென்ஷனும் பல வீடுகளில் தங்கிவிட்டன. அந்தக் காகிதங்களுக்காகப் புதுச்சேரியில் உள்ள துணைத் தூதரகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஒரே யூனியன் பிரதேசம் என்று பெயர், நடுவில் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தமிழ்நாடு கிடக்கிறது. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பும் அந்தச் சவாரிக்கு அப்பா முந்தைய நாளே பிளக்குகளைக் கழற்றி, சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்து, டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்டைச் சரிபார்த்து வைப்பார். டார்ச் பிடிப்பது என் வேலை.

முதலில் இருந்தது மார்க் 2 அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அச்சாக வைத்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் 1957 வாக்கில் தயாராகத் தொடங்கிய வண்டி அம்பாசடர். அதன் 1489 சி.சி. இன்ஜினுக்கு ஒரு குறையும் வரவில்லை. தகரம்தான் போய்விட்டது. எங்கள் ஊரிலிருந்து கடல் தூரமில்லை. கோடையில் சாயங்காலம் கிளம்பும் கடல்காற்றில் உப்பு இருக்கும். ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். அந்த உப்பு காரின் அடித்தகரத்தில் ஏறி, ஐப்பசி கார்த்திகை மழை ஈரத்தோடு சேர்ந்து, உள்ளேயே தின்றுகொண்டு வரும். பின்சீட்டில் உட்கார்ந்தால் காலடியில் ரோடு ஓடுவது தெரிந்தது. அப்பா அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, பலகைமேல் கோரைப்பாய்த் துண்டை விரித்தார். பிறகு பலகை வைக்கவும் பிடிமானம் இல்லாமல் போயிற்று. வண்டியை மாற்ற வேண்டிய நிலைமை.

மாருதி 800 வந்து சாலைகளில் ஒன்றிரண்டாகத் தென்படத் தொடங்கிய காலம் அது. புதிதாக அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ வேண்டுமென்றால் பணம் கட்டிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும், அத்தனை பணமும் எங்களிடம் இல்லை. ஆகவே பழைய வண்டிதான். எந்தப் பழைய வண்டி என்பதுதான் கேள்வி.

இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்று மாயவரத்தில் ஒரு டாக்டர் வீட்டு பத்மினி. பம்பாயில் குர்லாவில் தயாரான ஃபியட் 1100 வழி வந்த வண்டி, பாலாடை நிறம், ஓடியது மிகக் குறைவு, நல்ல மைலேஜ், வாங்கிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. டாக்டர் மகனோடு வெளிநாட்டில் இருந்ததால் ஷெட்டுக்குள்ளேயே நின்றிருந்தது. இன்னொன்று திருவாரூரில் ஒரு மார்க் 3 அம்பாசடர். வாடகை வண்டி. பத்மினியைவிட மூத்தது, தினமும் ஓடியது, மூன்று கை மாறியது, பெயின்ட் வெளுத்தது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பார்த்த எல்லோரும் ஒரே குரலில் டாக்டர் வண்டி என்றார்கள். "டாக்டர் ஓட்டின வண்டி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்பது அன்றைக்கும் புரோக்கர்கள் சொன்னதுதான், இன்றைக்கும் சொல்வதுதான்.

அப்பா பாயை அழைத்துப் போனார்.

திருமலைராயன்பட்டினத்தில், மெயின் ரோட்டோரம் ஒரு பூவரச மரத்தடியில் பாயின் பட்டறை இருந்தது. ஊருக்கெல்லாம் அவர் பாய். எனக்கு மாமா. அப்பாவை அண்ணே என்பார், அம்மாவை அண்ணி என்பார். ரம்ஜான் நோன்புக் கஞ்சி தூக்கில் எங்கள் வீட்டுக்கு வரும், ஆயுத பூஜைப் பொரியும் சுண்டலும் அவர் பட்டறைக்குப் போகும். அம்பாசடரின் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை அரை ஃபர்லாங் தூரத்திலேயே சொல்லிவிடுவார். வண்டி வந்து நிற்பதற்குள் அதற்கான ஸ்பேனரை எடுத்து வைத்திருப்பார்.

அன்று என்னையும் கூட்டிப் போனார்கள். மாயவரத்தில் பத்மினி பளபளவென்று நின்றது. பாய் இன்ஜின் பக்கம் போகவே இல்லை. முதலில் சுற்றி வந்து, நடுவிரல் முட்டியால் தகரத்தைத் தட்டினார். கதவுக்கு மேல் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. மேலே 'டங்' என்றது. கீழே, சக்கரத்துக்குப் பின்னால், 'தொப்' என்றது. பட்டி வைத்து அடைத்த இடம். சட்டைப் பையிலிருந்து பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத் துண்டை எடுத்து அங்கே வைத்தார். ஒட்டாமல் கீழே விழுந்தது. குனிந்து சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டுத் துழாவினார். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். வண்டியைத் தள்ளச் சொன்னார். நான்கு பேர் தள்ளியும் பின்சக்கரம் ஒன்று சுற்றாமல் தரையில் இழுத்துக்கொண்டு வந்தது.

திருவாரூரில் அம்பாசடர்க்காரர் சவாரி முடித்துவிட்டு அப்போதுதான் வந்தார். இன்ஜின் சூடாக இருந்தது. ஓட விட்டபடியே ஆயில் ஊற்றும் மூடியைப் பாய் திறந்தார். புகை குபுகுபுவென்று வரவில்லை. மெல்லிய ஆவிதான். சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். விட்டுவிட்டுக் குத்தாமல் சீராக மூச்சு வந்தது. முன் பம்பர்மேல் ஏறி நின்று ஓர் அழுத்து அழுத்திக் குதித்தார். வண்டி ஒரு முறை ஆடி நின்றது. பிரேக் பெடலின் ரப்பர் மழுங்கித் தேய்ந்திருந்ததைக் காட்டி, "பாருங்கண்ணே, மறைக்காம இருக்கு" என்றார். அடித்தகரத்தில் இரண்டு இடங்களில் ஒட்டுப் போட்டிருந்தது. அதுவும் மறைக்காமல் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா தயங்கினார். "பாய், அது டாக்டர் வண்டி. இது பாவம், ஓடி ஓடித் தேஞ்சது."

பாய் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அண்ணே, ஓடுற வண்டி தன்னைத் தானே பாத்துக்கும். நிக்கிற வண்டியத்தான் யாரும் பாக்க மாட்டாங்க. நம்ம கடக்காத்துல ஒரு மழைக்காலம் நின்னா ரெண்டு வருசம் ஓடுன மாதிரி."

அதற்கு அவர் காரணமும் வைத்திருந்தார், பட்டறையில் பிறகு பலமுறை அதைக் கேட்டிருக்கிறேன். தினம் ஓடும் வண்டியில் இன்ஜின் சூடு ஏறி, ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிய ஈரத்தை வெளியே தள்ளிவிடும். பிரேக் பிடிக்கப் பிடிக்க டிரம்மில் படியும் துரு தேய்ந்துபோகும். ஆயில் படப் படத்தான் சீல்கள் இளகி இருக்கும். நின்றுவிட்டால் சீல் காய்ந்து வெடிக்கும், பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவேறிப் பிடித்துக்கொள்ளும், பாதி காலியான டேங்க்குக்குள் பனித்துளி மாதிரி நீர் கோத்துத் தகரம் அரிக்கும், ஒயரை எலி கடிக்கும். மீட்டர் மட்டும் அப்படியே நிற்கும். அந்த மீட்டரைப் பார்த்துத்தான் ஜனங்கள் காசு கொடுக்கிறார்கள் என்று பாய் உண்மையான வருத்தத்தோடு சொல்வார்.

அம்பாசடர்தான் வந்தது. வந்த அன்று தெருவே கூடிவிட்டது. அம்மா திருஷ்டி கழித்துப் பூசணிக்காய் உடைத்தாள், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். நாகூர் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் சனிக்கிழமை திருநள்ளாற்றுக்கும் அது இடைவிடாமல் ஓடியது. சனிப்பெயர்ச்சி வந்துவிட்டால் அப்பா வீட்டில் படுத்துத் தூங்கியே இரண்டு நாள் ஆகிவிடும். மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு ஒருவரை வழியனுப்பக் குடும்பமே ஏறும். பின்சீட்டில் பெரியவர்கள், அவர்கள் மடியில் பிள்ளைகள், முன்சீட்டில் அப்பாவோடு இன்னும் மூன்று பேர். மழையில் வாய்க்கால் உடைத்துச் சாலை மூழ்கினால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை முழங்கால் தண்ணீரில் நடத்தி வருவார். ஃபேன் தண்ணீரை வாரி பிளக்கில் அடித்துவிடக் கூடாதே என்று. இன்றைய வண்டிகளில் அந்த வித்தைக்கு இடமே இல்லை.

அந்தக் காரை அப்பா எங்கு தேர்ந்தெடுத்தார், பாயின் கையைத்தான் தேர்ந்தெடுத்தார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. காரைக்காலில் ஒருவர் ஸ்டாண்டர்டு 2000 வைத்திருந்தார். சென்னையில் தயாரானது. அழகென்றால் அப்படி ஒரு அழகு, நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நின்று பார்ப்போம். கம்பெனி 1980-களின் கடைசியில் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு ஒரு பல்பு வேண்டுமானாலும் சென்னைக்கு ஆள் அனுப்பினார்கள். அம்பாசடருக்கோ நாகப்பட்டினம், திருவாரூர், மாயவரம் எங்கே போனாலும் சாமான் கிடைத்தது, கிடைக்காத சாமானைப் பாய் லேத்தில் கடைந்தார்.

காலம் மாறியதைச் சொல்லத் தனிக் கட்டுரை வேண்டும். டாடா சுமோ வந்தது, வாடகைச் சவாரி அதற்குப் போயிற்று. வீட்டுக்கு வீடு பைக் வந்தது. நாகூரோடு நின்றுபோன ரயில் 2011 கடைசியில் மறுபடி காரைக்காலுக்கு வந்தது. கார் சொல்லி வைக்க யாரும் தட்டு எடுத்து வரவில்லை. அப்பா ஓட்டுவதை நிறுத்தியபோது அம்பாசடரைக் கேட்டு வந்தவர் உடைக்கிற விலைக்குத்தான் கேட்டார். உத்தரபாரா தொழிற்சாலை 2014 மே மாதம் நின்றுபோன செய்தி பத்திரிகையில் வந்தபோது அப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். இன்னும் அது அவருடைய லைசென்ஸோடு ஒரே உறையில் இருக்கிறது.

நான் வேலைக்குப் போனபின் 2006 மாடல் மாருதி எஸ்டீம் ஒன்றைப் பழசாக வாங்கினேன். அதையும் தட்டிப் பார்த்தவர் பாய்தான். அப்போது அவருடைய பரிசோதனையில் சில புது வேலைகள் சேர்ந்திருந்தன. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் மணல் கிடக்கிறதா என்று விரலால் வழிப்பார். சீட்டுக்கு அடியில் ஒயர் சேரும் இடத்தைப் பிரித்துப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பார். இதெல்லாம் 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு வந்த பழக்கம். சுனாமியில் கடல் தண்ணீர் ஏறிய வண்டிகள் பட்டறைக்கு வந்தன. கழுவித் துடைத்துக் காயவைத்து ஓட்டிப் போனவர்கள் சில மாதத்தில் திரும்பி வந்தார்கள். ஒயருக்குள் ஏறிய உப்பு ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே போயிற்று. காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் உயிர்கள் போன துக்கத்துக்கு முன் வண்டி என்ன பெரிய விஷயம் என்று பாய் பல பேரிடம் கூலி வாங்கவில்லை. ஆனால் அந்த வண்டிகள் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் மறக்கவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, மலிவாக வருகிறதென்று சென்னை வண்டியைத் தேடிப் போன பலரை அவர்தான் நிறுத்தினார்.

எஸ்டீம் நன்றாக உழைத்தது. பதினைந்து வருடப் பதிவு முடிந்ததும் எஃப்.சி. காட்டி இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பித்தேன். அப்போது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து அதை 5,000 ஆக்கிவிட்டார்கள். ஆனால் கதவுக்குக் கீழே படிபோல் ஓடும் தகரம் இரண்டு பக்கமும் பொரிந்துவிட்டது. அம்மாவை அடிக்கடி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. வண்டியை மாற்றித்தான் ஆக வேண்டும். புதுசு வாங்க மனமில்லை. அப்பா பழக்கம் எனக்கும் வந்திருக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான்.

மறுபடியும் இரண்டு வண்டிகள். ஒன்று நான் மேலே சொன்ன ஆக்சென்ட். இருங்காட்டுக்கோட்டையில் 1999 முதல் 2013 வரை தயாரான கார் அது. இது 2010 மாடல், ஒரே ஓனர், பி.ஒய். 02 என்ற காரைக்கால் எண், ஓடியது 42,000 கிலோமீட்டர். ஓனர் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர், வருடத்தில் பாதி நாள் பிள்ளைகளோடு பாரீஸில் இருப்பவர். உறைக்குள் குழந்தையைப் போல வைத்திருந்தார். விலை ஒன்றரை லட்சத்துக்குள். மற்றது 2018 மாடல் டிசைர், பெட்ரோல், தஞ்சாவூர் எண், மருந்து கம்பெனி பிரதிநிதி ஒருவர் தினமும் ஓட்டியது. மீட்டர் 90,000-த்தைத் தாண்டிவிட்டது, பின் பம்பரில் கீறல், விலை ஐந்து லட்சத்துக்கு மேல். ஃபோர்டு ஐகான் ஒன்றும் வந்தது, நல்ல வண்டி. மறைமலை நகரில் தயாரிப்பை நிறுத்தப் போவதாக 2021-இல் அந்தக் கம்பெனி அறிவித்திருந்ததால் ஸ்டாண்டர்டு 2000 ஞாபகம் வந்து, பார்க்கவே போகவில்லை.

என் மனம் ஆக்சென்ட் பக்கம்தான் இருந்தது. அந்த மணம் ஒரு காரணம். விலை இன்னொரு காரணம். அப்பா மூத்த வண்டியைத்தானே வாங்கினார் என்ற நினைப்பும் உள்ளே இருந்தது.

பாய்க்கு இப்போது கண் மங்கல், முழங்கால் வலி. பட்டறையைப் பேரன் பார்த்துக்கொள்கிறான். பூவரச மரம் சாலை அகலமாக்கும்போது போய்விட்டது, பட்டறைக்குக் கான்கிரீட் கூரை வந்துவிட்டது. "மாமா, உங்க கையால ஒரு தடவை பாத்துச் சொல்லணும்" என்றேன். பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆக்சென்டை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. கை வைத்து நடந்தார். கதவில் தட்டினார், பானட்டில் தட்டினார், எல்லாம் 'டங்'. முகம் மலர்ந்தது. பிறகு குனிய முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கதவுக்குக் கீழே தட்டினார். அந்தச் சத்தத்தை நான் சிறுவயதில் மாயவரத்தில் கேட்டிருக்கிறேன். கட்டைவிரலால் அழுத்தினார். பெயின்ட் கலையாமல், உள்ளே மட்டும் தகரம் நொறுங்கும் சத்தம் கேட்டது. "வெளிய காத்து போகாத உறை. ஈரம் உள்ளயே புழுங்கிப்போச்சு" என்றார். கார்க்காரப் பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தப்பு இல்லைங்க. அன்பா வச்சிருக்கீங்க. ஆனா வண்டிக்கு அன்பு காட்டுறதுன்னா ஓட்டணும்" என்று சொன்னார். அவரை வெளியே ஓட்டச் சொன்னபோது பிரேக் ஒரு பக்கம் இழுத்தது. டயர் பட்டன் தேயாமல் பக்கச்சுவர் முழுக்க வெடித்திருந்தது.

டிசைரைப் பார்த்த அன்று பேரன்தான் முதலில் வேலையைத் தொடங்கினான். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு துவாரத்தில் சின்னக் கருவியைச் சொருகினான். அவனுடைய செல்போனில் இன்ஜினின் சூடு, சுற்று, பழைய கோளாறுகளின் எண்கள் எல்லாம் வரிசையாக ஓடின. வண்டி எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் இதுவரை செய்த வேலைகளின் பட்டியலையும் வாங்கி வைத்திருந்தான். பாய் அதைப் படிக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். எந்த கிலோமீட்டரில் ஆயில் மாற்றினார்கள், எப்போது கிளட்ச், எப்போது பிரேக் பேடு. இடைவெளி ஒரே சீராக இருந்ததும் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து வந்து, சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பேரன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் "நல்லாருக்கு" என்றார்கள்.

"தம்பி, இத வாங்குங்க" என்றார் பாய். "அன்னிக்கு அண்ணனுக்குப் பழசச் சொன்னேன், இன்னிக்கு உங்களுக்குப் புதுசச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. அன்னிக்கும் ஓடுன வண்டியத்தான் சொன்னேன்."

அவர் சொல்லாத ஒரு காரணத்தையும் நான் சேர்த்துக்கொண்டேன். டிசைர் 2008-இல் வந்த பெயர். 2017-இல் வந்த உருவத்தில் எல்லா வகையிலும் முன்பக்கம் இரண்டு காற்றுப்பைகளும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயமாகவே வந்தன. நான் பார்த்த ஆக்சென்டில் இரண்டும் இல்லை. எங்கள் சிறுவயதில் முன்சீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து போனதை நினைத்தால் இனிக்கிறது. ஆனால் அன்றைய சாலையில் எதிரே வந்தது மாட்டுவண்டி. இன்றைக்கு நாகப்பட்டினம் சாலையில் துறைமுகத்து லாரிகள் வருகின்றன. அம்மா முன்சீட்டில் உட்காருகிறவள். பழைய வண்டிமேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும், பட்ஜெட்டில் கொஞ்சம் இடமிருப்பவர்கள் இந்த ஒன்றைப் பார்க்காமல் பழசு வாங்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

தமிழ்நாட்டு எண்ணை எங்கள் எண்ணாக மாற்றுவது ஒரு தனி வேலை. எல்லை எங்களுக்கு வாஞ்சூர்ச் சாவடி, கண்ணுக்கெட்டும் தூரம். நாகூர்க்காரர்கள் பெட்ரோல் மலிவென்று இந்தப் பக்கம் வந்து டேங்க்கை நிரப்பிப் போவார்கள். ஆனால் ஒரு கார் இந்தப் பக்கம் நிரந்தரமாக வர, பழைய ஆர்.டி.ஓ. ஆபீஸில் 28-ஆம் நம்பர் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புது எண் எடுத்தே ஆக வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும். விற்பவர் 29, வாங்குபவர் 30 என்று கையெழுத்துகள். படிவத்தில் சேசிஸ் நம்பரின் பென்சில் பதிவு ஒட்ட வேண்டும். அதைப் பாயே எடுத்துத் தந்தார். எண் அடித்திருந்த இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய காகிதத்தை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தார். ஒவ்வொரு எழுத்தாக வெள்ளையாய் எழும்பி வந்தது. கண் மங்கியவர் விரலால் தடவியே எல்லாம் விழுந்துவிட்டதா என்று சரிபார்த்தார். அப்பாவின் அம்பாசடருக்கும் இப்படித்தான் எடுத்தார், அந்தக் காகிதத்தை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வண்டிக்கு உறை வாங்காதே என்று முதல் நாளே உத்தரவு. வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும், வேலை இல்லாவிட்டாலும் கும்பகோணம் வரைக்காவது ஓட்டிவிட்டு வர வேண்டும். பேரன் கூலி எழுதிய சீட்டைப் பாய் வாங்கிக் கிழித்துப் போட்டார். அம்மா அதற்குப் பதிலாக அடுத்த வாரமே ஒரு கூடை முருங்கைக்காயும் மாங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்பினாள்.

ஆக்சென்ட்காரப் பெரியவரை அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை திருநள்ளாறு போகும் வழியில் பார்த்தேன். டீக்கடை வாசலில் அந்தக் கார் உறை இல்லாமல் நின்றது. கீழ்த்தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்துப் பற்றவைத்திருந்தார், அந்த இடம் மட்டும் இன்னும் பிரைமர் நிறத்தில் இருந்தது. டயர் நான்கும் புதுசு. விற்கவில்லையா என்று கேட்டேன்.

"பாய் அன்னிக்கு சொன்னாரே, அதுலேர்ந்து தினம் எடுக்கிறேன். நான் பாரீஸ் போனா பக்கத்து வீட்டுப் பையன் எடுப்பான், சாவியக் குடுத்தாச்சு. அடுத்த வருசம் எஃப்.சி. வருது. 5,000-ங்கறான், பரவால்ல, கட்டிடுவேன்" என்றார்.